டெக்சஸில் ஒரு ஜெர்மன் கல்வீடு: சிமென்டைக் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு வைத்த வேலை

மேற்குச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கல் உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தேய்த்தால் மாவாகக் கொட்டும். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த சிமென்ட் மட்டும் அசையாமல் நிற்க, கல்லின் முகம் அதற்குப் பின்னால் அரை அங்குலம், சில இடங்களில் ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரர் இதைக் கல்லின் குறை என்றுதான் நினைத்திருந்தார். நூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது, கல்லுக்கும் வயசாகும்தானே என்பது அவர் கட்சி. ஆனால் அதே கல்லில் கட்டிய போர்ச் பக்கத்துச் சுவரைப் போய்ப் பார்த்தால் உளி விழுந்த தடம்கூட மழுங்கவில்லை. அந்தச் சுவரில் யாரும் சிமென்ட் பூசவில்லை.

வீடு இருப்பது கில்லெஸ்பி கவுண்டியில், ஃப்ரெடரிக்ஸ்பர்க் ஊருக்கு வடக்கே, லானோ போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி. ஆஸ்டினிலிருந்து மேற்கே சுமார் 80 மைல் ஓட்டினால் ஃப்ரெடரிக்ஸ்பர்க். வீட்டுக்காரர் என்னோடு வேலை பார்க்கிறவர், அம்மா வழியில் அவருக்கு வந்த சொத்து அது. மொத்த வேலையையும் ஒப்பந்தக்காரரிடம் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனமும் இல்லை, அவ்வளவு பணமும் இல்லை. பழைய கல்வேலை தெரிந்த ஒரு கொத்தனாரை வார இறுதிகளுக்கு மட்டும் பேசி அமர்த்தினார். பெரியவர், அப்பா காலத்திலிருந்தே இந்த மலைநாட்டில் கல்வேலை செய்கிற மெக்சிகோ வம்சாவளிக் குடும்பம். கூடமாட வேலைக்கு நாங்கள். எனக்குக் கிடைத்த பதவி சித்தாள். ஊரில் எங்கள் வீடு கட்டியபோது நிழலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததோடு சரி. சாந்துச்சட்டி தூக்கியது டெக்சஸில்தான்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறேன். 1840களில் ஜெர்மன் பிரபுக்கள் சிலர் சேர்ந்து நடத்திய ஆடல்ஸ்ஃபெராய்ன் என்ற சங்கம், ஆயிரக்கணக்கானவர்களைக் கப்பலேற்றி டெக்சஸுக்கு அனுப்பியது. 1845இல் நியூ பிரவுன்ஃபெல்ஸ் ஊர் உருவானது. அடுத்த ஆண்டு மே மாதம் அங்கிருந்து மாட்டு வண்டிகளில் கிளம்பிப் போனவர்கள் ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் இறங்கினார்கள். குடும்பத்துக்கு ஊருக்குள் ஒரு மனை, வெளியே 10 ஏக்கர் நிலம் என்பது ஏற்பாடு. சங்கத்தின் பொறுப்பில் இருந்த ஜான் மொய்சபாக் 1847இல் கோமான்சி பழங்குடியினரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். சங்கம் சீக்கிரமே கடனில் மூழ்கியது, வந்தவர்கள் மட்டும் வேரூன்றிவிட்டார்கள். 10 ஏக்கர் போதாதவர்கள் தள்ளிப் போய்ப் பண்ணை வைத்தார்கள். பிற்காலத்தில் அப்படிப்பட்ட பண்ணைக்காரர்கள் சனிக்கிழமை சந்தைக்கும் ஞாயிறு தேவாலயத்துக்கும் வந்தால் தங்குவதற்கென்றே ஊருக்குள் ஓர் அறை, மேலே ஒரு பரண் என்று குட்டி வீடுகள் கட்டிக்கொண்டார்கள். சண்டே ஹவுஸ் என்று அவற்றைத்தான் சுற்றுலாப் பயணிகள் இன்று படம் எடுக்கிறார்கள். நாங்கள் வேலை பார்த்தது பண்ணைப் பக்கத்து வீடு. அதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை.

மூன்று கட்டமாக வளர்ந்த வீடு அது. நடுவில் இருப்பது முதல் அறை, ஃபாக்வெர்க் முறை. அதாவது மரச்சட்டங்களை நிறுத்தி, குறுக்குச் சட்டம் கொடுத்து, இடைவெளிகளைக் கல்லால் அடைப்பது. ஜெர்மனியில் இருந்து கையோடு கொண்டுவந்த தச்சு அது. அதற்கு மேற்கே 1870களில் கட்டியதாகக் குடும்பத்தார் சொல்லும் இரண்டு பெரிய கல் அறைகள். அப்புறம் பின்பக்கம் பலகை அடித்து, தகரம் போட்ட சமையலறை. இந்தப் பக்கத்தில் பல பண்ணை வீடுகளின் ஜாதகம் இதுதான். நேரில் பார்க்க வேண்டும் என்றால் ஸ்டோன்வால் அருகே மாநிலப் பூங்காவுக்குள் இருக்கும் சாவர்-பெக்மன் பண்ணைக்குப் போகலாம். 1869இல் சாவர் குடும்பம் அங்கே குடியேறியது, 1900இல் பெக்மன் குடும்பம் அதை வாங்கியது. 1915இல் பருத்தி நன்றாக விளைந்ததும் பழைய கல் அறையோடு பெரிய பலகை வீட்டைச் சேர்த்தார்கள். கையில் காசு வந்தால் ஓர் அறை, வராவிட்டால் இருக்கிற அறையிலேயே இன்னொரு தொட்டில்.

அனுமதி பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலரும் முதலில் கேட்பது அதைத்தான். ஃப்ரெடரிக்ஸ்பர்க் நகரின் வரலாற்றுப் பகுதிக்குள் வீடு இருந்திருந்தால் வெளிப்புறத்தில் கை வைக்க நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். மாநில அரசின் பதிவு பெற்ற வரலாற்றுச் சின்னம் என்று பலகை மாட்டிய கட்டடமாக இருந்தால், வெளிப்புற மாற்றத்துக்கு 60 நாள் முன்னதாக டெக்சஸ் வரலாற்று ஆணையத்துக்கு எழுத வேண்டும். எங்கள் வீடு ஊருக்கு வெளியே இருந்தது, பலகையும் இல்லை. கேட்பார் இல்லை. கெடுப்பதற்கும் அதே சுதந்திரம் உண்டு, அப்படித்தான் சிமென்டும் வந்து சேர்ந்தது.

சிமென்ட் என்ன செய்தது

இந்த வீட்டைக் கட்டியவர்களிடம் சிமென்ட் இல்லை. நிலத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லையே சூளையில் விறகு வைத்துச் சுட்டு, நீற்றி, ஆற்று மணலோடு கலந்து கட்டினார்கள். அமெரிக்காவில் போர்ட்லண்ட் சிமென்ட் முதலில் தயாரானதே பென்சில்வேனியாவில், 1870களில்தான். டெக்சஸில் முதல் ஆலை 1880இல் சான் அன்டோனியோவில் வந்தது. அதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் கால்ட்டயர், ஜெர்மன் குடும்பத்தில் வந்த மருந்துக்கடைக்காரர், வேதியியல் தெரிந்தவர். அந்த ஆலைக்குக் கல் வெட்டிய குவாரிதான் இன்று பிராக்கென்ரிட்ஜ் பூங்காவில் ஜப்பானியத் தோட்டமாக இருக்கிறது. சான் அன்டோனியோ போகிற எல்லோரும் அங்கே மீன் பார்த்துவிட்டு வருகிறோம்.

இந்த வீட்டுக்கு சிமென்ட் வந்தது 1970களில். பழைய காரை கொட்டுகிறதே என்று யாரையோ கூப்பிட்டு மேற்கு, தெற்கு, வடக்கு மூன்று பக்கமும் கல்லிடுக்குகளில் சிமென்ட் அடைத்து பாயிண்டிங் செய்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை. கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைப்பது இயல்புதான். அமெரிக்கத் தரப்படி எஸ் வகைச் சாந்து என்றால் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 1800 பவுண்டு தாங்க வேண்டும், என் வகை 750, ஓ வகை 350. கடையில் மூட்டையாக அடுக்கி வைத்திருப்பதெல்லாம் பெரும்பாலும் முதல் இரண்டும்தான். பழைய சுண்ணாம்புக் காரையோ ஓ வகைக்கும் கீழே.

சுவரின் கனம் சுமார் 20 அங்குலம். வெளிமுகத்தில் ஒரு வரிசைக் கல், உள்முகத்தில் ஒரு வரிசை, நடுவில் சில்லும் காரையும் போட்டு நிரப்பியது. அஸ்திவாரத்தில் ஈரம் தடுக்கும் தாள் ஏதும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், மழைச் சாரல் உறிஞ்சும், பிறகு காய்ந்துவிடும். அது பாதகமில்லை. காய்வதற்கு வழி இருக்கும் வரை பாதகமில்லை. முன்பு அந்த ஈரம் காரை வழியாக வெளியேறியது, ஏனென்றால் சுவரிலேயே மெத்தென்று இருந்தது அதுதான். சிமென்ட் வைத்து அந்த வழியை மூடியதும் நல்ல வெயிலில் ரெயின்கோட் போட்டவன் கதையாகிவிட்டது. ஈரம் உள்ளேயே நின்றது, வேறு வழியில்லாமல் கல்லின் முகம் வழியே வந்தது. ஈரத்தோடு வந்த உப்பு, கல்லின் தோலுக்கு அடியில் படிகமாகிப் படிகமாகி அந்தத் தோலை உரித்தது. குளிர்காலத்தில் சில இரவுகள் உறைபனி விழும்போது அதுவும் தன் பங்குக்கு உரித்தது.

இன்னொன்று, இந்த மலைநாட்டுச் சுண்ணாம்புக் கல்லை வெட்டி எடுக்கும்போது மெதுவாக இருக்கும், காற்றுப்பட்டுக் காயும்போது மேல்முகம் இறுகும். அந்த இறுகிய முகம் போய்விட்டால் உள்ளே இருப்பது இன்னும் மெதுவானது. அதனால்தான் முதலில் மெல்ல ஆரம்பித்து அப்புறம் வேகமாக உதிர்கிறது.

முதலில் தண்ணீர்

கொத்தனார் வந்த அன்று உளியைக் கையில் எடுக்கவே இல்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். மேற்குச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு யாரோ கான்கிரீட் பட்டை போட்டிருந்தார்கள். மழைத்தண்ணீர் விலகிப் போகட்டும் என்று போட்டதுதான். ஆனால் மண் இறங்கியதில் பட்டை சுவர்ப்பக்கமாகச் சாய்ந்து, விழுகிற தண்ணீரையெல்லாம் சுவரின் காலடியிலேயே தேக்கியது. மேலே தகரக் கூரைக்கு அந்தப் பக்கம் தாழ்வாரக் குழாய் கிடையாது. ஏசியின் தண்ணீரும் அங்கேதான் சொட்டிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் சரி செய்யாமல் காரை வைத்தால் காசுதான் கரையும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே முதல் வேலை கல்வேலையே இல்லை. கான்கிரீட் பட்டையை வாடகைக்கு எடுத்த இடிப்பு மெஷினால் உடைத்து அள்ளினோம். சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டவில்லை. இந்த மாதிரி வீடுகளுக்கு அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமில்லை, ஆர்வத்தில் தோண்டினால் சுவரே இறங்கும். மேல்மண்ணை மட்டும் வழித்து, முதல் 10 அடிக்குள் 6 அங்குலம் இறங்குமாறு சரிவு கொடுத்து, சுவரோரம் சரளை பரப்பினோம். தாழ்வாரத்துக்குக் குழாய் மாட்டி, தண்ணீரைத் தள்ளிக் கொண்டுபோய் விட்டோம். ஏசி குழாயை நீட்டினோம். அப்புறம் சுவரை ஒன்றும் செய்யாமல் ஒரு கோடை முழுக்கக் காய விட்டோம். பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தாலும் மொத்த வேலையில் சுவருக்கு அதிக நன்மை செய்தது இந்தக் கட்டம்தான் என்பது என் எண்ணம்.

கோடையில் காரை வைக்காததற்கு வேறு காரணமும் உண்டு. மேற்கு வெயில் 38 டிகிரிக்கு மேல் அடிக்கிற ஊரில் சுண்ணாம்பு இறுகுவதற்கு முன்பே காய்ந்து பொடியாகும். குளிர்காலத்தில் இரவில் 4 டிகிரிக்குக் கீழே போனாலும் ஆகாது. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுவரைதான் இங்கே நல்ல காலம். அதற்குள்ளும் வடக்கிலிருந்து குளிர்காற்று திடீரென்று இறங்கினால் மத்தியானம் சட்டையோடு வேலை பார்த்தவன் சாயங்காலம் ஜாக்கெட் தேட வேண்டியிருக்கும்.

கொத்தி எடுத்தது

சிமென்டை எடுப்பதுதான் நேரம் தின்கிற வேலை. கிரைண்டரை வைத்து ஒரே நாளில் முடிக்கலாமே என்று தோன்றும். கிரைண்டர் கல்லைத் தொட்டால் அந்தக் கீறல் அடுத்த நூறு வருஷத்துக்கும் இருக்கும். கொத்தனார் அதை அடியோடு ஒதுக்கவில்லை. படுக்கை வரிசையில், இடைவெளி முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிற இடங்களில் மட்டும், நட்டநடுவில் ஒரே ஒரு கோடு அவரே போட்டுக் கொடுத்தார். அந்தக் கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் உளி வைத்துத் தட்டினால் சிமென்ட் நடுப்பள்ளத்துக்குள் உடைந்து விழும், கல்லின் விளிம்பு தப்பிக்கும். நிற்கிற இடைவெளிகளுக்கு மெஷினே கிடையாது, உளியும் சிறிய சுத்தியும்தான்.

கொஞ்ச நேரத்தில் காது பழகிவிடுகிறது. உளி சிமென்டில் இருக்கும்போது சத்தம் வறண்டு, உயர்ந்து கேட்கும். பின்னால் பிடிப்பு விட்டிருந்தால் டொக்கென்று பொள்ளலாக விழும், அந்த இடத்தில் இரண்டு தட்டில் கையளவு துண்டு கழன்று வரும். கல்லைத் தொட்டுவிட்டால் சத்தம் அமுங்கிவிடும், உடனே நிறுத்த வேண்டும். சிமென்டின் பின்னால் பழைய காரை ஈரமாக, நகத்தால் வழிக்கலாம் போல இருந்தது. அது எத்தனை மாதம் வெயிலில் நின்ற சுவர் என்பதை நினைத்தால் ஈரம் எப்படிப் பூட்டப்பட்டிருந்தது என்பது விளங்கும். சில இடங்களில் சிமென்ட் துண்டு வரும்போது அதன் முதுகில் கல்லின் தோலும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த மாதிரி இடங்களில் மேற்கொண்டு தட்டாமல் விட்டுவிடச் சொன்னார் கொத்தனார்.

ஆழம் எவ்வளவு என்றால், இடைவெளியின் அகலத்தைப் போல இரண்டு முதல் இரண்டரை மடங்கு. முக்கால் அங்குல இடைவெளிக்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை. அதற்குக் குறைந்தால் புதுக் காரைக்குப் பிடிமானம் இருக்காது, அதிகம் போனால் கல் ஆட ஆரம்பிக்கும். முடிந்ததும் தூரிகையால் தூசு தட்டி, மேலிருந்து கீழாகத் தண்ணீர் தெளித்துக் கழுவினோம். அதிக அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு ஒருவர் ஆசையாகக் காத்திருந்தார், அதைக் கொத்தனார் தொட விடவில்லை. மணல் பீய்ச்சி கல்லை வெளுக்க வைக்கும் யோசனைக்கும் அதே கதி. மிச்சம் இருக்கிற இறுகிய முகத்தையும் அது எடுத்துவிடும்.

முகமூடி, கண்ணாடி, தடித்த கையுறை மூன்றும் கட்டாயம். தூசில் சிலிக்கா இருக்கிறது. கையுறைக்கு உள்ளூர்க் காரணமும் ஒன்று உண்டு. வெளியே தெரியாத பொந்துகளில் தேள் குடியிருக்கும். முதுகில் இரண்டு கோடு போட்ட சிறிய ரகம், இந்த மலைநாடு முழுக்கப் பரவியிருப்பது. கொட்டினால் உயிர் போகாது, வேலை போய்விடும்.

மணலும் சுண்ணாம்பும்

புதுக் காரை பழையதோடு பொருந்த வேண்டும் என்றால் பழையதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போர்ச்சின் கூரைக்கு அடியில் மழை படாத ஒரு மூலையில் கட்டியபோது வைத்த காரை அப்படியே இருந்தது. அதிலிருந்து பாக்களவு துண்டுகள் எடுத்தோம். உடைத்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள், மிளகளவு, சில பட்டாணியளவு. சுட்ட கல்லை மணலோடு சேர்த்தே நீற்றி, சூடு ஆறுவதற்குள் பயன்படுத்தினால் இப்படிக் கட்டி நிற்கும். நடுவில் கரித்துண்டுகள், சூளை விறகோடு வந்தவை. மணலில் இளஞ்சிவப்புத் துகள்கள். லானோ பக்கம் இருக்கிற பாறை இளஞ்சிவப்பு கிரானைட், அங்கிருந்து ஓடை ஓடையாக அடித்து வந்த மணல்தான் இது.

துண்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரைந்து மணல் மட்டும் மிஞ்சும், அதைக் காயவைத்துச் சலித்துப் பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான், ஆனால் மணலிலேயே சுண்ணாம்புக் கல் துகள் இருந்தால் அதுவும் சேர்ந்து கரைந்துபோகும், அளவு தப்பாகக் காட்டும். அதனால்தான் லென்ஸ் முதலில், அமிலம் பிறகு. லானோ பக்கத்து மணல் வியாபாரியிடம் இரண்டு மூன்று ரகம் வாங்கி வந்து, சல்லடையில் சலித்து, பருமணலையும் நடுத்தர மணலையும் கலந்து பார்த்ததில் நிறம் கிட்டத்தட்டப் பொருந்தியது. காரையின் நிறம் மணலில்தான் இருக்கிறது. வண்ணப்பொடி எதுவும் போடவில்லை.

சுண்ணாம்பில்தான் பெரிய வாக்குவாதம். வீட்டுக்காரர் குழைத்து ஊறவைத்த சுண்ணாம்புதான் வேண்டும், அதுதான் அசல் என்றார். அது காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்ல மீண்டும் கல்லாகிறது, மாதக்கணக்கில் ஆகும். சுவரின் காலடி, இன்னும் முழுதாகக் காயாத இடம், வாசலில் குளிர்காலம். கொத்தனார் இயற்கையான, நீரிலும் இறுகுகிற சுண்ணாம்பைச் சொன்னார், என்.எச்.எல் என்று மூட்டையில் போட்டிருக்கும். பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வருகிறது, விலை சிமென்ட் மூட்டையைப் போலப் பல மடங்கு. அதில் 2, 3.5, 5 என்று வகைகள். 3.5 என்றால் தரச் சோதனையில் 28 நாளில் குறைந்தது 3.5 மெகாபாஸ்கல், நம் கணக்குக்குச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 500 பவுண்டு. நாள் ஆக ஆக இன்னும் ஏறும். 3.5கூட மெதுவான கல்லுக்கு அதிகம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது. கடைசியில் காலடியில் இரண்டடி உயரம் வரை 3.5, அதற்கு மேலே 2 என்று முடிவானது. 5 என்ற பேச்சுக்கே இடமில்லை.

அளவு, சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் இரண்டரை, வாளியால் அளந்து. முதலில் வறட்டுக் கலவை, நிறம் ஒன்றாகும் வரை. பிறகு தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. சித்தாளுக்கு இந்த இடத்தில்தான் கை பரபரக்கும், இன்னும் ஒரு சொம்பு ஊற்றினால் சுலபமாகக் குழையுமே என்று. ஊற்றக்கூடாது. தண்ணீர் அதிகமானால் காயும்போது சுருங்கி விரிசல் விடும், வழிந்து கல்லையும் வெளுக்கும். கலந்துவிட்டு ஒரு பத்து நிமிஷம் விட்டு மறுபடி புரட்டினால், தண்ணீர் சேர்க்காமலே இளகிக் கொடுக்கிறது. கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும், அதுதான் பதம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாதவனை அவர் கலவைப் பக்கம் விடவில்லை, பக்கத்தில் எப்போதும் ஒரு வாளி சுத்தமான தண்ணீர் நிற்கும்.

வைத்தது

முந்தின நாள் சாயங்காலமே சுவரை நனைத்து, காலையில் மறுபடி நனைத்து, மேலே தண்ணீர் மினுங்காமல் கல் கறுத்து இருக்கும் நிலையில் வேலை தொடங்கும். காய்ந்த கல்லில் வைத்தால் கல் காரையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், காரை ஒட்டாது. ஆழமான பொந்துகளில் முதலில் அதே கல்லின் சில்லுகளைக் காரையோடு தட்டி உள்ளே இறுக்கினார். வெறும் காரையாக நிரப்பினால் சுருங்கும். அப்புறம் அடுக்கடுக்காக, ஒவ்வொரு தடவையும் கால் அங்குலம் அளவில் வைத்து, பின்னால் நன்றாக அழுத்தி, அது கொஞ்சம் பிடித்ததும் அடுத்த அடுக்கு. கடைசி அடுக்கு கல்லின் முகத்துக்குச் சற்று உள்ளே நிற்க வேண்டும். விளிம்பு உருண்டுபோன கல்லில் முகம் வரை நிரப்பினால் இடைவெளி அகன்று தெரியும், ஓரத்தில் தாள் கனத்துக்கு வழிந்த காரை முதல் மழையிலேயே உரியும்.

வைத்ததும் வழவழவென்று தேய்த்து விடுவதில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் தடம் மட்டும் பதிகிற நிலை வரும் வரை காத்திருந்து, முரட்டுத் தூரிகையின் முனையால் குத்திக் குத்தி அடிக்க வேண்டும். மேலே படிந்த சுண்ணாம்புப் பால் போய் மணல் முகம் காட்டும், மயிரிழை விரிசல்கள் அடைபடும், ஈரம் வெளியேற வழியும் திறக்கும். போர்ச் மூலையில் இருக்கிற பழைய காரையோடு கிட்டப் பொருந்துவதும் இந்தக் குத்துக்கு அப்புறம்தான். இந்தத் தூரிகை வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார். சீக்கிரம் அடித்தால் காரை கிளறிப் போகும், தாமதித்தால் தூரிகை வழுக்கும். நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டே சுவரின் நீளம் முழுக்கக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நடப்பதுதான் மத்தியான வேலை.

முடிந்த பகுதிக்கு மேல் சாக்குத் தொங்கவிட்டு, காயக் காயத் தெளிக்க வேண்டும். சாக்கு சுவரில் ஒட்டாமல் நாலு விரல்கடை தள்ளித் தொங்கினால் நல்லது. வார நாட்களில் தெளிக்கும் பொறுப்பு பக்கத்துப் பண்ணைக்காரரிடம் இருந்தது. தென்மேற்கு மூலையில் மட்டும் காற்று சாக்கைத் தூக்கி அடித்ததில் இரண்டு கல் அகலத்துக்குக் காரை வெளுத்து, தட்டினால் பொடியாக உதிர்ந்தது. கொத்தனார் ஒன்றும் சொல்லாமல் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தார், சாக்கின் அடியில் கட்டையைக் கட்டினார்.

ஃபாக்வெர்க் அறை

கல் வேலை நடக்கும்போதே நடு அறையைத் திறக்க வேண்டி வந்தது. அது இப்போது சாமான் அறை. உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு யாரோ பூசியிருந்த சிமென்டைத் தட்டினால் பின்னால் ஓக் மரத்தூணின் கால் மக்கிப்போயிருந்தது. காரணம் அதேதான், காய வழியில்லை. தூணின் மற்ற பகுதி ஆணி இறங்காத அளவு உறுதி.

பூச்சை எடுத்ததும் சட்டத்தின் கூட்டு முழுதாகத் தெரிந்தது. தூணில் துளை, சாய்வுச் சட்டத்தில் நாக்கு, இரண்டையும் சேர்த்துக் குறுக்கே மர முளை. ஒவ்வொரு கூட்டின் பக்கத்திலும் உளியால் வெட்டிய கோடுகள், தூணில் நாலு கோடு, அதில் வந்து சேர்கிற சட்டத்திலும் நாலு. தச்சர் கீழே தரையில் வைத்தே எல்லாவற்றையும் செதுக்கிப் பொருத்தி, எண் போட்டு, பிரித்து, பிறகு நிறுத்தியிருக்கிறார். ரோமன் முறையில் நாலு என்றால் ஐந்துக்கு முன் ஒன்று என்று பள்ளியில் படித்தோம். தச்சர் நாலு நேர்க்கோடாகவே வெட்டிவிடுகிறார், தப்பாகப் படிக்க வழியே இல்லை. கோட்டின் ஒரு முனை ஆழம், மறுமுனை மேலோட்டம், உளி எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுகூடத் தெரிகிறது.

தூணை மாற்றவில்லை. மேல் சட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் எடையை மட்டும் வாங்கிக்கொண்டு, மக்கிய பகுதியை நல்ல மரம் வரும் வரை வெட்டி, காய்ந்த ஓக் துண்டைச் சாய்வு ஒட்டாக இணைத்து முளை அடித்தார்கள். இந்த வேலைக்குத் தனியாகத் தச்சர் வந்தார், நான் விளக்குப் பிடித்தேன். எடுக்க வேண்டியிருந்த அடைப்புக் கற்களுக்குச் சாக்பீஸால் எண் போட்டு, எடுத்த வரிசையிலேயே வெளியே பரப்பி வைத்தோம். அவற்றை ஒட்டியிருந்தது சுண்ணாம்பே இல்லை, களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும். அதை ஒரு தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு ஓரிரவு ஊறவைத்து மிதித்தால் மறுநாள் புதுச் சாந்து தயார். வாங்கியது ஒன்றுமில்லை. சிமென்டை ஒரு தடவை உடைத்தால் குப்பை லாரிக்குத்தான் போகிறது. மேலே சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம் என்பதற்கு வீட்டுக்காரர் இந்த முறை வாதாடவில்லை.

இப்போதைய நிலை

ஒரு குளிர்காலம் தாண்டியிருக்கிறது. மேற்குச் சுவரின் காலடியில் புதுக் காரையின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. வீட்டுக்காரர் பதறிப் படம் அனுப்பினார். உப்பு கல்லில் பூக்காமல் காரையில் பூத்திருந்தது, அதைத்தான் எதிர்பார்த்தோம். காய்ந்த தூரிகையால் தட்டிப் பெருக்கி அள்ளிவிடச் சொன்னார் கொத்தனார், தண்ணீர் விட்டுக் கழுவினால் மறுபடி சுவருக்குள்தான் போகும். இன்னும் சில வருஷத்துக்கு இப்படிப் பூக்கும். அந்தக் காரை பதினைந்து இருபது வருஷத்தில் தேய்ந்தால் மறுபடி வைத்துக்கொள்ளலாம், கல் தேய்ந்தால் வைக்க முடியாது. சிலிகான் நீர்த்தடுப்பு ஒன்றை அடித்துவிட்டால் கவலையே இல்லை என்று ஒரு விற்பனையாளர் வந்து சொல்லிப் பார்த்தார். அதையும் வேண்டாம் என்றாகிவிட்டது, உள்ளே இருக்கிற ஈரத்தை அது மறுபடி பூட்டும்.

வடக்குச் சுவரில் சிமென்ட் அப்படியே இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் பலகைச் சமையலறையின் கூரை மறைப்பதால் மழை அதிகம் படுவதில்லை, கல்லும் உதிரவில்லை. இடைவெளிகள் அரை அங்குலத்துக்கும் குறைவு, சிமென்ட் கெட்டியாக ஒட்டியிருக்கிறது. எடுக்கப்போனால் கல்லின் விளிம்புதான் உடையும். தெற்குச் சுவர் வருகிற செப்டம்பரில். அதற்கு முன் ஜன்னல் மேலே இருக்கிற சைப்ரஸ் மர உத்திரத்தின் ஒரு முனையைத் தச்சர் வந்து பார்க்க வேண்டும், கத்தி முனை சுமார் ஒரு அங்குலம் இறங்குகிறது. மணல் இருக்கிறது, சுண்ணாம்பு மூட்டைகளைத் தரையிலிருந்து தூக்கிப் பலகை மேல் அடுக்கி பிளாஸ்டிக் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.